என்னைக் கேட்டீங்களா?

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளும்மா, காத்து வரட்டும். இன்னும் கொஞ்சம். ஆங், போதும். பையை மடியிலயே வெச்சுக்கறேன். மேல வெச்சா இறங்கறப்ப மறந்துடுவேன். கோவம் வந்துச்சுன்னா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. வூட்ல அடுப்பை அணைச்சனான்னுகூடத் தெரியல. எரிஞ்சா எரியட்டும். அவரு இருக்காரில்ல, மோந்து பாத்துக் கண்டுபிடிக்கட்டும். காதுதான் ஊர் மெச்சற காது, மூக்கு எப்படின்னு பாப்போம்.

இந்தக் கண்டக்டரைப் பாத்தியா? திண்டிவனம் ஒண்ணு குடுப்பான்னா, "பாஸ்தாம்மா, பாஸ்தாம்மா"ங்கறான். பாஸ் எல்லாம் என்கிட்ட கிடையாதுய்யா, காசு குடுத்துத்தான் டிக்கெட்டு வாங்கறேன், கிழின்னேன். மறுபடியும் ஏதோ சொல்ல வந்தான். எனக்கென்ன காது செவிடா? ஒரு தடவை சொன்னாப் புரியாதா? என்னைப் பாத்தா ஓசியில போறவ மாதிரியா இருக்கு? க்கும்.

பாரு, முன்னாடி நின்னுக்கிட்டு இருந்த ஆளு பையைத் தூக்கிக்கிட்டு ஒதுங்கறான். பரவால்ல, மரியாதை தெரிஞ்சவனும் பஸ்ல வரத்தான் செய்யறான்.

உன்னை நீன்னே சொல்றேம்மா, தப்பா எடுத்துக்காத. வாங்க போங்கன்னு பேசினா எனக்கு மனசு விட்டுப் பேச வராது. என்ன, ஏதோ சொல்ல வந்தியே? சரி, அப்பறம் சொல்லு. முதல்ல இதைக் கேளு. கேட்டுட்டு, நான் பண்ணது சரியா தப்பான்னு நீயே சொல்லு.

எங்க வூட்டுக்காரரு பேரு தணிகாசலம். மறைமலை நகர் தாண்டி ஒரு கார் கம்பெனியில இருக்காரு. என்ன வேலைன்னு கேளு. காது. காதுதான் அவரு வேலை. சிரிக்காத. என்ஜின் ஓடறப்ப சத்தம் சரியா இருக்கா இல்லையான்னு சொல்றது. ஸ்க்ரூட்ரைவரை என்ஜின் மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக்கிட்டு கண்ணை மூடிக்குவாரு. உள்ள எந்த வால்வு தட்டுது, எந்த பேரிங்கு தேயுதுன்னு சொல்லிடுவாரு. முப்பது வருஷமா அந்தக் கம்பெனி கார் எல்லாம் சத்தமில்லாம ஓடுதுன்னா அது அவரு காதாலதான்னு பெருமையாப் பேசுவாங்க.

சரி, அந்தக் காது வூட்ல எப்படி? அதைக் கேளு. "என்னங்க, கேஸ் தீந்துடுச்சு"ன்னு சொல்லுவேன். பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு. "என்னங்க, எங்கண்ணன் பொண்ணுக்கு நிச்சயம்." பேப்பரைத் திருப்புவாரு. ஒரு நாள் வேணும்னே சொன்னேன், "என்னங்க, வூட்டுக்குள்ள யானை வந்துடுச்சு"ன்னு. "ம்"னாரு. அதோட சரி. நாள் முழுக்க சத்தத்துல இருக்கேன் புனிதா, வூட்லயாச்சும் அமைதியா இருக்க விடும்பாரு. அப்ப நான் யாரு? நானும் சத்தமா? டீசல் என்ஜினும் நானும் ஒண்ணா?

என் பேரு புனிதவதி. சொல்லலியே உன்கிட்ட.

இந்தா, போன் அடிக்கறாரு பாரு. இது எத்தனாவது தடவையோ. அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், காது. இப்படியே போய்க்கிட்டு இருந்துச்சா, திடீர்னு ஒரு நாள் கம்பெனியில என்ஜினே வேணாம்னுட்டான். எல்லாம் கரண்ட்டு காரு. இனிமே பேட்டரி, மோட்டார், அவ்ளோதான். பிஸ்டன் இல்ல, கியர் இல்ல, ஆயில் மாத்த வேணாம், புகை கிடையாது. சுவிட்சு போட்ட ஃபேன் மாதிரி ஓடுமாம். அப்படின்னா அந்த என்ஜின் டிபார்ட்மெண்டுல இருந்தவங்கல்லாம்? கொஞ்சம் பேரை வேற எடத்துக்கு மாத்தினான், கொஞ்சம் பேருக்கு மாலை போட்டு அனுப்பிட்டான். இவரு ஒரு வாரம் சோறே சரியாத் துண்ணல. சத்தமே இல்லாத காருக்கு என் காது எதுக்கு புனிதான்னாரு. முப்பது வருஷத்துல அவரு என்கிட்ட கேட்ட முதல் கேள்வி அதுதான்னு நினைக்கறேன்.

எனக்கு மனசு கேக்கல. கடிகாரத்துக்கு சாவி குடுக்கற வேலைகூடத்தான் பேட்டரி வந்ததும் போச்சு, அவங்கல்லாம் பட்டினியா கிடந்தாங்க, வேற வேலை பாக்கலாம் விடுங்கன்னு தேத்தினேன்.

அப்பறம் ஒரு நாள் சிரிச்ச மூஞ்சியா வந்தாரு. என்னன்னா, கரண்ட்டு கார்ல வேற ஒரு வில்லங்கம் வந்துடுச்சு. காரு வர்றதே தெரியல. பூனை மாதிரி பின்னாடி வந்து நிக்குது. ரோட்ல போற ஜனத்துக்குத் தெரியணுமில்ல? நம்ம ரோடு எப்படி? மாடு குறுக்க, கொழந்தை குறுக்க, போன் பேசிக்கிட்டு ஒருத்தன் நடு ரோட்ல. அதனால காருக்குன்னு ஒரு சத்தம் செஞ்சு வெக்கணும். தணிகாசலம், உங்களுக்குத்தான் காது இருக்கே, நீங்களே ஒண்ணு கண்டுபிடிங்கன்னு புது மேனேஜரு சொல்லிட்டான். பிரணவ்னு ஒரு பையன், தாடி வெச்சிருப்பான். கூத்தைப் பாத்தியா? முப்பது வருஷம் சத்தத்தைக் குறைக்க சம்பளம் குடுத்தான், இப்ப சத்தம் போட சம்பளம். அந்தச் சத்தம் சரியா அமைஞ்சாத்தான் வேலை நிக்கும். இல்லேன்னா இவருக்கும் மாலைதான்.

இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாதும்மா. அதான் விஷயமே. சிரிச்ச மூஞ்சியா வந்தாரே ஒழிய ஒரு வார்த்தை சொல்லல. "வேற வேலை குடுத்திருக்கான்"னாரு, அவ்ளோதான்.

மறுநாள்லேர்ந்து என்ன ஆச்சு தெரியுமா? காலையில நான் சமையக்கட்டுல இருந்தா இவரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துக்குவாரு. சட்டைப் பையில சின்னதா ஒரு பொட்டி. அதுலேர்ந்து ரெண்டு ஒயரு போயி காதுல. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. என்ஜின் பக்கத்துலயே நின்னு நின்னு காது போயிடுச்சு போல, பாவம், டாக்டர்கிட்ட போயி மிஷின் வாங்கி மாட்டிக்கிட்டாரு, வெக்கப்பட்டுக்கிட்டு சொல்ல மாட்டேங்கறாருன்னு நினைச்சேன். "காது கேக்கற மிஷினா?"ன்னு கேட்டேன். "ம்... அப்படித்தான்"னாரு. "நீ பாட்டுக்குப் பேசு புனிதா, நான் கேக்கறேன்"னாரு.

நீ பாட்டுக்குப் பேசு, நான் கேக்கறேன்.

இந்த வார்த்தையை ஒரு பொம்பளைக்கு அவ புருஷன் சொல்றான்னா என்னம்மா அர்த்தம்? உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இல்ல, நீ சொல்ல வேணாம், உன் மூஞ்சிலயே தெரியுது. நான் போயி முருகனுக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். என் புருஷன் என்னைக் கேக்கறதுக்காக மிஷின் வெச்சுக்கிட்டாருன்னு. பைத்தியக்காரி.

ஒரு மாசம் பேசினேம்மா. தேங்கா துருவிக்கிட்டே பேசினேன், துணி மடிச்சுக்கிட்டே பேசினேன். அவரு அம்மா என்னைப் பண்ணின கொடுமையிலேர்ந்து ஆரம்பிச்சேன். அவங்களும் போயி சேந்துட்டாங்க, இருந்தாலும் சொன்னேன். கேட்டாரு. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. நடுவுல ஒரு நாள் "அதை இன்னொரு தடவை சொல்லு"ன்னாரு! இதைவிட என்னம்மா வேணும்? அந்த ஒரு மாசம் எனக்கு முட்டி வலிகூட இல்ல.

அப்படி ஒரு நாள்தான் பைபாஸ் கதையைச் சொன்னேன். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்ட சொல்றேன் பாரு, எனக்கு என்னவோ ஆயிடுச்சு.

எங்கம்மாவுக்கு முடியலன்னு அண்ணன் போன் பண்ணுச்சு. "புனிதா எங்க, புனிதா எங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு, உடனே வான்னுச்சு. இவரைக் கூப்பிட்டேன். இன்னிக்கு என்ஜின் டெஸ்ட்டு, வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க, நீ முன்னால போ, நான் பின்னால வரேன்னாரு. செங்கல்பட்டுல வந்த பஸ்ல ஏறிட்டேன். அந்தப் பாவி பஸ்ஸு திண்டிவனம் ஊருக்குள்ள போகல. பைபாஸ்லயே இறக்கி விட்டுட்டுப் போயிட்டான். மண்டையைப் பொளக்கற வெயிலு. எங்கம்மா வூடு ரோட்டுக்கு அந்தாண்ட. எனக்கு சின்ன வயசுலேர்ந்தே ரோடு தாண்டறதுன்னா நடுக்கம். லாரி வருது, காரு வருது, பஸ்ஸு வருது. ஒருத்தன் நிறுத்தல. ஒரு கால் வெக்கறேன், எடுக்கறேன். வெக்கறேன், எடுக்கறேன். நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன். கடைசியா ஆடு ஓட்டிக்கிட்டு வந்த ஒரு கெழவன் என் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் விட்டான். நான் வாசல்ல கால் வெக்கறப்ப உள்ள அழுகைச் சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் முன்னாலதான் போச்சுன்னாங்க.

அன்னிலேர்ந்து பைபாஸ்ல போற பஸ்ல நான் கால் வெக்கறதே இல்லம்மா. செத்தாலும் வெக்க மாட்டேன்.

என்ன? ஏன் உன் மூஞ்சி அப்படிப் போவுது? ஐயோ, நீ ஏம்மா கலங்கற? நான் சொல்லியே இருக்கக் கூடாது. இந்தா, தண்ணி குடி. பேசாத, முதல்ல குடி. இளகின மனசு உனக்கு. இப்படி ஒரு பொண்ணு எனக்கு இல்லாம போச்சே.

இந்தக் கதையை அவர்கிட்ட சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னேன். சொல்லி முடிச்சேன். அப்பறம் மெதுவா, "நான் வந்திருக்கணும் புனிதா"ன்னாரு.

வந்திருக்கணும்னு இப்ப சொல்லி என்ன? அம்மா வருமா? வாயில வார்த்தை வரல. ஒரு சத்தம்தான் வந்துச்சு. எப்படிச் சொல்றது உனக்கு... மோவாயைத் தோள்ல இடிச்சுக்கிட்டு, தொண்டைக்குள்ளேர்ந்து... க்கும்னு. அவ்ளோதான். நான் அப்படியெல்லாம் நொடிக்கற பொம்பளையே இல்ல. என் பழக்கமே கிடையாது. வாழ்க்கையில அன்னிக்கு ஒரே ஒரு தடவை வந்துச்சு, அதுல எல்லாம் இருந்துச்சு. அம்மா, வெயிலு, லாரி, இவரு, இவரு காது, எல்லாம்.

இந்தா, மறுபடியும் போனு. என்னாத்துக்கு இப்படி விடாம அடிக்கறாரு? சார்ஜு தீரட்டும், தானா நிக்கும்.

போன ஞாயித்துக்கிழமை கம்பெனியில குடும்ப விழா. புதுக் காரைக் காட்டப் போறாங்க, வூட்டோட வாங்கன்னு சொல்லிட்டாங்க. இவரு என்கிட்ட வந்து, "பட்டுப் பொடவை கட்டிக்க, உனக்கு ஒரு விஷயம் இருக்கு"ன்னாரு. அந்த அரக்கு பார்டர் பொடவையைக் கட்டிக்கிட்டு, பூ வெச்சுக்கிட்டுப் போனேன். இவருக்கு ஏதோ பட்டயம் குடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். ஷாமியானா போட்டு, முன் வரிசையில என்னை உக்கார வெச்சு, ஜூஸ் குடுத்தாங்க. மரியாதைக்கு ஒண்ணும் குறைவில்ல.

துணியை இழுத்தான் அந்தத் தாடிக்காரப் பையன். காரு. காருன்னா, அதுக்கு மூஞ்சியே இல்லம்மா! காருன்னா முன்னால சல்லடை மாதிரி ஒண்ணு இருக்குமில்ல, என்ஜினுக்குக் காத்து போறதுக்கு? என்ஜினே இல்லேன்னா சல்லடை எதுக்குன்னு மொழுமொழுன்னு மூடிட்டான். மூக்கில்லாத மூஞ்சி. கதவுல பிடி இல்ல, கிட்ட போனா அதுவே வெளிய வருது. முன் மூடியைத் திறந்து காட்டினான், உள்ள காலி. துணிமணி வெச்சுக்கலாமாம். என் பக்கத்துல குவார்ட்டர்ஸ் சரசு உக்காந்திருந்தா. "ஏங்க, வயிறே இல்லாத மனுஷன் மாதிரி இருக்குங்க"ன்னா. எனக்கு சிரிப்பு தாங்கல. அப்ப சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அப்பறம் மைக்கைப் புடிச்சு அந்தப் பையன் கதை சொன்னான். காருக்கு சத்தம் தேடி அலைஞ்ச கதை. முதல்ல வெளிநாட்டுச் சத்தம் வெச்சாங்களாம், ராக்கெட்டு போற மாதிரி. ரோட்ல போறவங்க எல்லாம் ஒதுங்காம அண்ணாந்து வானத்தைப் பாத்தாங்களாம். கோயில் மணி வெச்சாங்களாம். ஜனம் நடு ரோட்லயே நின்னு கன்னத்துல போட்டுக்கிச்சாம். ஐஸ் வண்டி ஹாரன் வெச்சா, புள்ளைங்க காரை நோக்கி ஓடி வருதாம். கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்குது, நானும் சிரிக்கறேன். "கடைசியா நம்ம தணிகாசலம் சார் ஒரு சத்தம் கொண்டு வந்தாரு. எங்க வெச்சாலும், எந்த ஊர்ல வெச்சாலும், ஆம்பளைங்க திரும்பிக்கூடப் பாக்காம ஒதுங்கிட்டாங்க"ன்னான்.

மூணு பேரை ரோட்ல நடக்க விட்டாங்க, முதுகைக் காட்டிக்கிட்டு, போனைப் பாத்துக்கிட்டு. பின்னால காரு வருது. ஒரு பொட்டு சத்தம் இல்ல. கிட்ட வருது. இன்னும் கிட்ட.

க்கும்.

ரெண்டு பெரிய ஸ்பீக்கர்ல வெச்சுக் கேட்டேம்மா அதை. அந்த மூணு பேரும் பொண்டாட்டி பின்னால வந்து நின்ன மாதிரி துள்ளி ஓடறானுங்க. அவனுங்க மட்டுமா, ஷாமியானாவுல உக்காந்திருந்த ஆம்பளைங்கல்லாம் நாற்காலியை நகத்தறானுங்க. பொம்பளைங்க கைதட்டறாளுங்க. சரசு என் தொடையில அடிச்சு, "ஏங்க, இது நீங்க கேஸ்காரன்கிட்ட போடற அதே க்கும்மு இல்ல?"ங்கறா. நான் எப்ப கேஸ்காரன்கிட்ட போட்டேன்? பொய்க்காரி. ஆனா எந்தக் க்கும்முன்னு எனக்குத் தெரியாதா? பின்னால வெங்காயத் தோலு கூட லேசா சரசரங்குது.

அது எங்கம்மாவை நினைச்சு வந்த க்கும்மும்மா. அதை எடுத்து, ரோட்ல போற மாட்டை ஓட்டறதுக்கு வெச்சுட்டாரு.

இவரு மேடையில நின்னுக்கிட்டு என்னையே பாக்கறாரு. சிரிச்ச மூஞ்சி. கண்ணுல தண்ணி. என்னமோ எனக்கு வைரத்தோடு வாங்கிக் குடுத்துட்ட மாதிரி.

வூட்டுக்கு வந்தோம். பூவை எடுத்துக் கடாசினேன். கேட்டேன். "என்னைக் கேட்டீங்களா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? முழிச்சாரு. முழிச்சிட்டு, "கேட்டேனே புனிதா. ஒரு மாசமா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்"ன்னாரு.

வயிறு எரியுதா இல்லையா? "நான் அதைக் கேக்கல, என்னைக் கேட்டீங்களான்னு கேக்கறேன்"னேன். "அதான் சொல்றேனே, கேட்டேன்"னாரு. "நீங்க சத்தத்தைக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?" "உன்னையும்தான் கேட்டேன்." இப்படியே போவுது! சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு. ஒரு வார்த்தை, புனிதா, உன் சத்தத்தை எடுத்துக்கட்டுமான்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கறதுக்கு முப்பது வருஷம் காது வெச்சிருந்து பிரயோஜனம் என்ன?

அப்ப அந்த மிஷினு? அது காது கேக்கற மிஷின் இல்லையாம், சத்தம் புடிக்கற மிஷினாம். நீயாத்தான் அப்படி நினைச்சுக்கிட்டேங்கறாரு. சரி, நான் கேட்டப்ப இல்லேன்னு சொல்ல வாய் வரலியா? அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கிட்டு நான் கோயிலுக்குக் கிளம்பினப்ப சொல்லியிருக்கலாமில்ல?

இன்னிக்குக் காலையில சொல்றாரு, "பிரணவ் சார் சாயந்தரம் வராரு. நீ ஒத்துக்கிட்டேன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லணும், சட்டம் அப்படி. அது இல்லேன்னா அந்தச் சத்தத்தை வெக்க முடியாது." சட்டம் கேக்குதாம், இவரு கேக்கலியாம். அது வெக்கலேன்னா அவரு வேலை போயிடும்னு எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியும். அதனாலதான் கேக்கறதுக்கு அவசியமே இல்லேன்னு நினைச்சுட்டாரு. பையைத் தூக்கிட்டேன். அண்ணன் வூட்டுக்குப் போறேன், உங்க தாடிக்காரன் வந்தா நீங்களே க்கும்னு சொல்லிக்குங்கன்னு வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தாரு. பின்னாலேர்ந்து பஸ்ஸு, பஸ்ஸுன்னு என்னமோ கத்தினாரு. நான் கேட்டாத்தானே? க்கும்.

பாத்தியா, அந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்ன ரெண்டு பேரும் பின்னால போயிட்டானுங்க. இந்த பஸ்ல வர்ற ஆளுங்க நல்ல ஆளுங்கதான்.

நீயே சொல்லும்மா. இனிமே ஊர் பூரா, கடைத்தெரு பூரா, எந்தப் பக்கம் போனாலும் எங்கம்மா செத்த அன்னிக்கு ரோட்ல நின்னதை ஒவ்வொரு காரும் சொல்லிக்கிட்டே போகும். அண்ணன் வூட்டு வாசல்ல போகும். நான் கறிகாய் வாங்கறப்ப முதுகுக்குப் பின்னால வந்து என்னையே ஒதுங்கச் சொல்லும். என் சத்தத்துக்கு நானே ஒதுங்கணும். இது நியாயமா?

சொல்லு. எவ்ளோ நேரமா நானே பேசிக்கிட்டு இருக்கேன், நீ ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற. ஏதோ சொல்ல வந்தியே, என்னது அது?

என்னது?

பைபாஸா? இந்த பஸ்ஸா?

யோவ் கண்டக்டர்! இது ஊருக்குள்ள போகாதா? என்னய்யா "அப்பவே சொன்னேனே"ங்கற? நீ எங்க சொன்ன? பாஸுன்னுதானே சொன்ன... பைபாஸ்னா? பைபாஸ்னா பைபாஸ்னு முழுசாச் சொல்ல வேண்டியதுதானே! ஏம்மா, நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாது? பக்கத்துல உக்காந்து இவ்ளோ தூரம் வரியே, வாய் எதுக்கு இருக்கு? மூணு தடவை சொல்ல வந்தியா? சொல்ல வந்தா போதுமா, சொல்லணும்! யாரு உன்னைத் தடுத்தா?

ஐயோ. அதே எடம்தாம்மா. அதே ரோடு. வெயிலைப் பாரு, அன்னிக்கு மாதிரியே. நான் எப்படி அந்தாண்ட போவேன்?

இந்தப் போனு வேற! இரு, எடுத்து நாலு வாங்கு வாங்கறேன்.

ஹலோ. ஹலோ? என்ன, பேசாம இருக்கீங்க? நான் பேசறது கேக்குதா?

கேக்குதா. கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். என்ன வேணும் உங்களுக்கு? நான் எங்க இருந்தா உங்களுக்கென்ன?

எங்க?

எந்த பைபாஸ்?

நான் இந்த பஸ்லதான் ஏறுவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கோவத்துல இருந்தா எது முன்னால வருதோ அதுல ஏறிடுவேனா? நான் எப்ப சொன்னேன் அப்படி? வெங்காயம் உரிச்ச அன்னிக்கா?

சரி. சரி, அப்படியே நில்லுங்க. வெச்சிடறேன். வெயில்ல நிக்காதீங்க, நிழலாப் பாத்து நில்லுங்க.

அம்மாடி. வூட்ல இருக்கற பழைய டீசல் காரை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு முன்னாலயே வந்து நிக்கறாராம். பைபாஸ்ல இறக்கி விட்டுடுவான், நீ நிப்பேன்னு வந்துட்டேங்கறாரு. அதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருந்தாராம்.

அங்க பாரு. அந்தப் புளியமரத்தாண்ட. கறுப்புக் குடை. அவருதான். ரோட்டுக்கு இந்தாண்ட நிக்கறாரு பாரும்மா. ஊரு அந்தாண்ட இருக்கு, வண்டியை அந்தாண்டயே நிறுத்தியிருக்கலாம். நான் ரோடு தாண்டக் கூடாதுன்னு இந்தாண்ட வந்து நிக்கறாரு.

கேட்டிருக்காரும்மா. பாவி மனுஷன். சத்தத்தை மட்டும் எடுத்துக்கிட்டாருன்னு நினைச்சேன். எல்லாத்தையும் கேட்டிருக்காரு. கால் வெக்கறேன் எடுக்கறேன்னு சொன்னதெல்லாம் கேட்டிருக்காரு.

என்ன? ஒத்துக்குவீங்களான்னா கேக்கற? அவரு கேக்கட்டும்மா. முதல்ல வாயைத் திறந்து என்னைக் கேக்கட்டும். முடியாதுன்னு நான் அப்பறம் சொல்றேன். வேலை போனா போகுது, எடுத்த உடனே சரின்னுடுவேனா? வண்டியில ஏறினதும் நான் கேக்கறேன் பாரு அவரை, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி. திரும்பி வூட்டுக்குப் போறப்ப செங்கல்பட்டு வரைக்கும் கேக்கறேன். அந்த மிஷினைப் போட்டுக்கிட்டுக் கேளுங்கய்யான்னு சொல்லிட்டே கேக்கறேன்.

வரேம்மா. உன் பேரைக்கூட நான் கேக்கல பாரு. சரி, இன்னொரு நாளைக்குப் பாத்தா சொல்லு.

ஏம்ப்பா, இறங்கணும். படிக்கட்டுல இப்படி அடைச்சுக்கிட்டு நின்னா எப்படி? கையில பை, முட்டி வலி, ஒருத்தனாச்சும் நகர்றானா பாரு. க்கும்.

ஆங். அப்படி. நல்லா இருங்கய்யா.

ஏம்மா, நீ எதுக்கு சிரிக்கற?